பொய்லர் அறையில் முளைத்த பயறு

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். சிட்னிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. குளிர்காலம் தொடங்கியதும் எனக்குச் சாப்பாடே பிடிக்காமல் போய்விட்டது. சோறு கொதிக்கும் வாசம் வந்தாலே குளியலறைக்கு ஓடுவேன். பாண், பால், முட்டை எதுவும் வயிற்றில் தங்கவில்லை. என் நிறை குறைவதைப் பார்த்த டொக்டர், பச்சையாக, புதிதாக ஏதாவது சாப்பிடச் சொன்னார்.

எனக்கு ஒன்றில்தான் ஆசை இருந்தது. முளைப்பயறு. வால் ஓர் அரிசி நீளத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது. அதில் வெங்காயமும் பச்சை மிளகாயும் துருவிய தேங்காய்ப்பூவும் போட்டு, தேசிக்காய் பிழிந்து சாப்பிட வேண்டும். சீனக் கடையில் விற்ற முளை விரல் நீளத்துக்கு வெள்ளையாக வளர்ந்து, தண்ணீர்ச் சுவையாக இருந்தது. அதே கடையில் காய்ந்த பயறும் இருந்ததால் கணவர் ஒரு பை வாங்கி வந்தார்.

"அதென்ன பெரிய வேலை? நனைச்சுக் கட்டி வைச்சால் தானா முளைக்கும். நீர் பேசாமல் இரும்," என்றார். அதுவரை தேத்தண்ணிகூடப் போட்டறியாத மனிதர் அவர்.

முதல் தடவை, நனைத்த பயற்றை ஜாம் போத்தலில் போட்டு இறுக்கி மூடி வைத்தார். மூன்றாம் நாள் திறந்தபோது நுரை பொங்கியது. அந்த மணத்துக்கு நான் மறுபடி ஓடினேன். இரண்டாம் தடவை துணியில் கட்டினார். எங்கள் குசினி இருந்த குளிரில் பயறு முளைக்கவே இல்லை, பிசுபிசுத்துப் போனது. மூன்றாம் தடவை போர்வைக்குள் சுடுதண்ணீர்ப் பையோடு சேர்த்து வைத்தார். பாதி வெந்தது, பாதி அழுகியது.

அப்போது அவர் செவன் ஹில்ஸில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளின் அளவுப்படம் வரைபவராக இருந்தார்.

"அங்க பொய்லர் அறை எங்கட ஊர் மாதிரிச் சூடு. நாளைக்குக் கொண்டு போய்ப் பாக்கிறன்," என்றார்.

மறுநாள் காலை ஈரத்துணி முடிச்சைக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். ஈரம் சட்டையில் ஊறி, காற்சட்டைக்கு இறங்கி, சொட்டத் தொடங்கியதாம். பக்கத்தில் இருந்த வயதான அம்மா தன் கைக்குட்டையை நீட்டிவிட்டு எழுந்து அடுத்த இருக்கைக்குப் போய்விட்டாராம். அதை அவர் சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்துப் பல கிழமைகள் ஆகியிருந்தன.

பொய்லரைப் பார்த்துக்கொண்டவர் மால்ட்டாவிலிருந்து வந்தவர், பெரிய உடம்புக்காரர். என்னவென்று தெரியாத பொருளைத் தன் அறையில் வைக்க விடமாட்டேன் என்று அவர் மறித்திருக்கிறார். வேறு வழியில்லாமல் கணவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"பிறகு என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"முடிச்சை வாங்கி மணந்து பார்த்தார். தன்ர மனிசி இரண்டாவது பிள்ளை வயித்தில இருக்கேக்க உப்பு மீனைத் தவிர ஒண்டையும் தொடேல்லையாம். 'நீ போய் உன்ர வேலையைப் பார், இதை நான் பாக்கிறன்' எண்டார்."

பொய்லர்காரர் சொன்னபடியே செய்தார். ஒரு பிஸ்கற் தகரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு அதில் பயற்றை வைத்தார். தேநீர் இடைவேளைகளிலும் மதியத்திலும் தவறாமல் தண்ணீர் தெளித்து வடித்தார். மூன்றாம் நாள் மாலை கணவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பயறும் வெடித்து, நான் கேட்ட அளவிலேயே வால் விட்டிருந்தது. கோப்பையில் போட்டுக் கொண்டு குசினியில் நின்றபடியே சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரண்டாவது கோப்பையும் சாப்பிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் பொய்லருக்குப் பக்கத்தில் ஆறு தகரங்கள் வந்துவிட்டன. பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவரின் மனைவி ஏதோ பத்திரிகையில் முளைகளைப் பற்றிப் படித்திருந்தார். வண்டிக்காரர் அவருக்காக ஒரு தகரம் வைக்க, அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். ஒருநாள் மனேஜர் உள்ளே வந்து, இது தொழிற்சாலையா தோட்டமா என்று கேட்டு, எல்லாவற்றையும் அன்றே எடுக்கச் சொல்லிவிட்டார். கணவர் வாடிப்போய் வீட்டுக்கு வந்தார்.

"பரவாயில்லை. இப்ப கொஞ்சம் சோறும் இறங்குதுதானே," என்றேன். எனக்கும் கவலைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. பொய்லர்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள். அவர் கையில் ஒரு மரப்பெட்டி. கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க வைத்திருந்தாராம். நன்றாகக் கழுவி, உள்ளே ஒரு சின்ன மின்விளக்கையும் இரண்டு தட்டுகளையும் பொருத்திக் கொண்டு வந்திருந்தார். குசினி மூலையில் வைத்துச் சுவிட்சைப் போட்டு, உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். இதமாக இருந்தது.

சிட்னியில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளிகள் அவர்கள். எங்களிடம் இருந்தவை இரண்டே கதிரைகள். அவர்களை இருத்திவிட்டு நாங்கள் நின்றோம். மிச்சமிருந்த முளைப்பயற்றை மிளகாய் குறைத்துப் பிரட்டிக் கொடுத்தேன். அப்படியும் பொய்லர்காரருக்குக் காது சிவந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கேட்டார். அவர் மனைவி என் வயிற்றில் கை வைத்து, பெண் பிள்ளைதான் என்று அடித்துச் சொன்னார். எனக்கு அம்மாவின் நினைவு வந்து கண் நிறைந்தது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கோடையில் பிள்ளை பிறந்தது. பெடியன். பொய்லர்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்து தொட்டிலுக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்தது பெண்," என்றார்.