கட்டியங்காரன் வாக்கு

கோதண்டத்துக்குப் பிழைப்பு, கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடிப்போன எங்கள் ஏரியில் இறால் பிடிப்பது. திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் கூத்தில் கட்டியங்காரன், அதாவது கோமாளி. இருபது வருஷமாக அந்த வேஷத்தை எங்கள் குப்பம் வேறு எவனுக்கும் கொடுத்ததில்லை. கற்பூரம் ஏற்றி அரிதாரம் பூசிவிட்டால் அவன் வாயில் வருவது அம்மன் வாக்கு. யாரைத் திட்டினாலும் கேள்வி கிடையாது.

போன ஆடியில் கூத்துக்கு உபயம் தசரதன். ஊர்த் தலைவர், தேர்தலுக்கும் நிற்கிறவர். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மவராசா, முகத்துவாரத்தத் தோண்டுறேன்னு ஒருத்தரு மூணு வருசமா சொல்லிக்கினு கீறாரு. இதுவரிக்கும் மூக்கத்தான் தோண்டுனாரு,” என்றான் கோதண்டம்.

ஊரே சிரித்தது. தசரதனும் சிரித்தார். எழுந்து போய் சால்வை போர்த்தினார்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை மீன் ஏலம் போடும் இடத்தில், “மாமா, அத இன்னொரு தபா சொல்லு,” என்று கேட்டார்கள். சொன்னான். மூஞ்சியில் அரிதாரம் இல்லை.

சாயங்காலமே பஞ்சாயத்து கூடியது. தசரதன் சத்தம் போடவில்லை.

“வேசத்துல சொன்னது ஆத்தா. ஏலத்துல சொன்னது யாரு?”

“நான்தான் தலைவரே.”

“அப்போ உனக்குப் பாடு இல்ல.”

பாடு என்றால் ஏரியில் வலை போடும் முறை. அது இல்லாதவன் தண்ணீரில் இறங்கினால் வலையை அறுத்துவிடுவார்கள். அவனுக்காகப் பேசுகிறவனுக்கும் அதே கதி. ஏலத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

ஒரு மாசம் அவன் படகு கரையில் காய்ந்தது. அவன் பெண்டாட்டி வேலம்மாவுக்கு விற்க நண்டு கொடுப்பவர்கூட இல்லை. பிறகு தசரதன் ஆள் அனுப்பினார். ஓட்டுப் போடுவதற்கு முந்தின வாரம், பட்டப்பகலில், கோயில் வாசலில் கூத்து. முகத்துவாரத்தைத் திறக்கப் போவது தசரதன்தான் என்று கோதண்டம் வேஷத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் பாடு திரும்பி வரும்.

“ஆத்தா எதிர்ல பொய்யா சொல்லப் போற?” என்றாள் வேலம்மா.

“கோமாளி சொல்றத எவன் நம்புவான்? சிரிச்சிட்டுப் போவானுங்க. நீ கம்முனு இரு.”

அன்றைக்குக் கற்பூரம் ஏற்றினான். சொன்னான். சொல்லிவிட்டு, சிரிப்பு வரட்டும் என்று இடுப்பை வளைத்து நின்றான்.

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள். பிறகு வரிசை வரிசையாகக் கூட்டமே கைகூப்பியது. நடுவில் தசரதன் கண்ணை மூடி, எல்லோரையும்விட உயரமாகக் கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.