மச்சானின் நாலு காசு

கருவூலத்தில் வேலை பார்த்த எனக்கு வந்ததெல்லாம் சம்பளம், பஞ்சப்படி, பணிக்கொடை, இப்போது பென்ஷன். இவற்றில் எதையும் என் மனைவி காசு என்று சொன்னதில்லை. சிதம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவள் தம்பிக்கு வருவதுதான் காசு. “எங்க தம்பி நாலு காசு பாத்துட்டான்” என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போன மாதம் மச்சான், நாங்கள் இருக்கும் கடலூரில் ஒரு மனை வாங்கினான். பட்டா மாற்ற என்னென்ன வேண்டும் என்று என்னிடம் கேட்க வந்தான். மூலப்பத்திர நகலைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். நாலு காசு பார்த்தவன் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு முறை அலையட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

அடுத்த வாரமே மறுபடி வந்து நின்றான். “என்னா மாமா, ஒரு பேப்பர மறந்துட்டீங்களே! வயசாவுதுல்ல?” என்று சிரித்தான்.

முந்தின வாரம் அவனுக்கு வஞ்சிரம் வறுத்த மனைவி, அன்றும் அதே மீன் வாங்க என்னை அனுப்பினாள். “விலை ஜாஸ்தி, மத்தி போதாதா?” என்றேன்.

“காசு போனா போவுதுங்க. தம்பி தெனமுமா வரான்?”

என் பென்ஷனை அவள் காசு என்று சொன்னது அன்றுதான் முதல் முறை. நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போனது.