நீட்டி வைத்த தீக்குச்சி

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் சூசை அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்திருந்தார். "வசந்தி, பிலோ போயிட்டாள்," என்றார். நான் மடைச்சி, "எங்கை அண்ணை?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கூசுகிறது. காலையில் வேலைக்குப் போன அக்கா, மத்தியானம் வேலை செய்த அடுப்புக் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாராம். பிறகு எழும்பவில்லை.

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே வரிசையில், மூன்று கதவு தள்ளி இருக்கின்றன. அவர்கள் வீட்டுத் திறப்பு ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். "சனம் வரப்போகுது, வீட்டைத் திறந்து வை," என்று அண்ணை சொன்னதால் நேரே அங்கே போனேன். ஜனவரிக் குளிர். வரவேற்பறையில் மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. மூலையில் இருந்த இரும்பு அடுப்புக்குள் அடுத்த நெருப்புக்கு விறகு அடுக்கித் தயாராக இருந்தது: கீழே இரண்டு தடித்த பேர்ச் மரக் கட்டைகள், அதன்மேல் மெல்லிய கட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலே சுள்ளியும் மரப்பட்டையும். அடுப்பின் தலையில் தீப்பெட்டி. பெட்டி கொஞ்சம் திறந்து, ஒரே ஒரு குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் அக்கா வைத்துவிட்டுப் போனது. வருகிறவர்கள் குளிரில் இருக்கப்போகிறார்களே என்று குச்சியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான், செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லையே என்று மனதில் ஓடியது. இருந்தபடியே திருப்பி வைத்தேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தக் குச்சியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ரொம்மனிலோ ஹவுகன்ஸ்டுவாவிலோ மாடி வீட்டை விற்று, புகைபோக்கி உள்ள வீடு ஒன்று வாங்கிய தமிழர்கள் பலர் முதலில் தேடிப் போனது இவரைத்தான். அடுப்புக் கடைக்கு அவர் துப்புரவு வேலைக்காகத்தான் போனார். காட்சிக்கு வைத்த அடுப்பொன்றின் கண்ணாடி கறுத்துப்போய், எந்த மருந்துக்கும் மசியாமல் இருந்ததாம். அக்கா பழைய பேப்பரை நனைத்து, அடுப்புச் சாம்பலிலேயே தொட்டு, இரண்டு தேய்ப்பில் பளிச்சென்று ஆக்கியிருக்கிறார். முதலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றதை எங்களுக்குச் சொல்லும்போது, "மன்னாரிலை சட்டி பானை மினுக்கினது சாம்பலாலைதானே. கண்ணாடி என்ன பெரிய ஆளோ?" என்பார். இரண்டு வருடத்தில் அவரே அங்கே விற்பனையாளர்.

மற்ற விற்பனையாளர்கள் அறை எத்தனை சதுரமீட்டர் என்று கேட்பார்கள். அக்காவும் கேட்பார், ஆனால் அதற்கு முதல், "வீட்டுக்கு முதல் ஆர் வாறது?" என்பார். அடுப்பு வாங்க வந்த நோர்வேக்காரர்கள் முழிப்பார்கள். அவருக்கு அது முக்கியம். நாள் முழுக்க ஆள் இருக்கிற வீட்டுக்குக் கல் போர்த்திய அடுப்பைக் காட்டுவார். அது சூடேறப் பிந்தும், ஏறினால் இலகுவில் ஆறாது. வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து பத்து மணிக்குப் படுக்கிறவர்களுக்கு, கெதியில் சூடாகும் மெல்லிய இரும்பு அடுப்பு. வினைச்சொல் முன்னுக்குப் பின்னாக வரும் அக்காவின் நோர்வேஜிய மொழியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் காட்டியதையே வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் அப்படிச் சொல்வழி கேட்கிற ஆளில்லை. விவாகரத்துக்குப் பிறகு தனியாக இந்த வீட்டை வாங்கிய வீறாப்பில் இருந்தேன். கடையில் ஆகப் பெரிய அடுப்புத்தான் வேண்டும், விறகு, அழுத்திய மரக்கட்டி, நிலக்கரி எல்லாம் எரிக்கிறதாக வேண்டும் என்று நின்றேன். அக்கா என்னை ஒரு சின்ன அடுப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "பெரிசை வாங்கினால் உன்ரை அறை கொதிக்கும். கொதிச்சால் காத்தைக் குறைப்பாய். காத்தைக் குறைச்சால் அது எரியாமல் புகையும், புகைபோக்கியெல்லாம் தார் பிடிக்கும். காசு குடுத்து வாங்கி, அதின்ரை கழுத்தைத் திருகாதை," என்றார். அளவில் நான் இறங்கி வந்தேன். எல்லாம் எரிக்கும் அடுப்பு என்பதில் இறங்கவில்லை. அப்படியான சின்னது ஒன்றையே கடைசியில் தந்தார். "விறகெண்டால் சாம்பலுக்கு மேலை கிடத்தி மேலாலை காத்துக் குடு. கரியெண்டால் தட்டைத் துப்பரவாக்கிக் கீழாலை குடு. ரெண்டையும் ஒண்டாய்ப் போடாதை. ஈர விறகு கிட்டவும் கொண்டுபோகாதை." நான் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்பின் கைபிடி வடிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாரிக் குளிர் முழுவதும் மலிவாக வந்த ஈர விறகைத்தான் எரித்தேன். காற்றைக் குறைத்து, இரவிரவாகப் புகைய விட்டேன். அடுத்த மாரியில் கோவில் அன்னதானச் சமையலுக்குப் போன இடத்தில், தேங்காய் துருவி முடிந்த சிரட்டைகள் மலைபோலக் கிடந்தன. எறிய மனம் வருமா? அம்மா சிரட்டை வைத்துத் தோசை சுட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எல்லாம் எரிக்கும் அடுப்புத்தானே என்று இரண்டு சாக்கு கட்டிக் கொண்டுவந்து, ஒரு பின்னேரம் அடுப்பை வாய்மட்டும் நிரப்பினேன். பத்து நிமிடத்தில் குழாய் சிவந்தது. பிறகு சுவருக்குள் ஒரு இரைச்சல், வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறப்பதுபோல. புகைபோக்கிக்குள் ஒட்டியிருந்த தார் பற்றிக்கொண்டுவிட்டது. நான் தீயணைப்புக்கு அடிக்கவில்லை, அக்காவுக்கு அடித்தேன். "கதவைச் சாத்து. காத்து வாறதெல்லாத்தையும் மூடு. தண்ணி ஊத்திப்போடாதை. பிரிகேட்டுக்கு நான் அடிக்கிறன், நீ வெளியிலை வா!"

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வரிசை முழுவதும் பிள்ளைகுட்டிகளோடு பனியில் வந்து நின்றது. அக்கா வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். அத்தனை பேர் முன்னாலும் நான் அவரைப் பார்த்து, "நீங்கள்தானே எல்லாம் எரியும் எண்டு வித்தனீங்கள்!" என்று கத்தினேன். அக்கா தன் ஜக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

நல்லகாலம், நெருப்பு புகைபோக்கிக்குள்ளேயே அடங்கியது. இரண்டு நாள் கழித்து அக்கா வந்தார். பேச்சு விழப்போகிறது என்று பார்த்தால், "பிழை என்ரைதான்," என்றார். "நோர்வேக்காரருக்குச் சொல்லுறதையே உனக்கும் சொல்லிப்போட்டன். ஒரு தமிழச்சிக்குச் சிரட்டையைப் பற்றிச் சொல்லவேணும் எண்டு எனக்கு ஓடியிருக்கவேணும். நானும் சிரட்டை எரிச்ச ஆள்தானே." அதற்குப் பிறகு எந்தத் தமிழர் கடைக்குப் போனாலும் முதல் பேச்சு சிரட்டைதான். எனக்கும் 'சிரட்டை' என்றே பெயர் வைத்தார். "என்ன சிரட்டை, சாப்பிட்டியோ?" என்று தொலைபேசியில் அந்தக் குரல் கேட்கும். நான் அவரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்தேன். இப்போது ஆரிடம் போய்க் கேட்பது?

புகைபோக்கியைத் துப்புரவாக்கி, எரிக்கலாம் என்று அனுமதி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு வந்து எனக்கு அடுக்கிக் காட்டினார். பெரிய கட்டை கீழே, சுள்ளி உச்சியில், நெருப்பு உச்சியில். நான் சிரித்தேன். கீழே கொளுத்தி ஊதித்தானே எங்களுக்குப் பழக்கம். "சிரியாதை. வெளியிலை போய் உன்ரை புகையைப் பார்," என்றார். போய்ப் பார்த்தேன். புகையே இல்லை. புகைபோக்கிக்கு மேலே வானம் மட்டும் சூட்டில் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது.

தினமும் காலையில் புறப்பட முதல் அடுக்கிவிட்டுப் போகவேண்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னார். அவர்கள் வீட்டில் அதுதான் முறை. சூசை அண்ணை பஸ் ஓட்டி முடித்து முதலில் வருவார். அக்கா அடுக்கி வைத்ததில் அவர் குச்சியை உரசுவார். குளிரில் விறைத்த விரலால் பெட்டியைத் திறந்து குச்சி பொறுக்க முடியாது என்றுதான் அந்த ஒன்றை நீட்டி வைப்பது. "நான் தனி ஆள். எனக்கு ஆர் வரப்போகினம்? ஆருக்கு அடுக்கிறது?" என்று வெடுக்கென்று கேட்டேன். அக்கா சுள்ளி முறித்துக்கொண்டே, "பின்னேரம் நீதானே வரப்போறாய். களைச்சுப் போய் வருவாய். அவளுக்கு அடுக்கு," என்றார். அன்றைக்கு அது எனக்குப் பகிடியாகத்தான் பட்டது.

அடக்கத்துக்குப் பத்து நாள் ஆனது. இந்த நாட்டில் அப்படித்தான். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் சோறு கொண்டுவந்தார்கள், ஜக்கெட்டோடு இருந்தார்கள். மின்சார ஹீட்டர் இரண்டு இருந்தும் அந்த வீடு அடுப்புக்குப் பழகிய வீடு, சூடு போதவில்லை. "இது சமைக்கிற அடுப்பில்லைத்தானே, பத்தினால் என்ன?" என்று ஒருவர் கேட்க, "நெருப்பு நெருப்புத்தானே," என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அடக்கம் முடிந்தது. குசினியில் கறி வைத்தார்கள். பேர்கன் நகரத்திலிருந்து வந்த மகள் அப்பாவைத் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியே போனாள். அந்த அடுப்பு மட்டும் அப்படியே கிடந்தது. அண்ணைக்கு ஏற்கெனவே இழுப்பு. போர்வையைச் சுற்றிக்கொண்டு அதற்கு முன்னால் இருந்து இருமுவார்.

மூன்றாம் வாரம் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. செத்த வீட்டுத் துடக்கெல்லாம் கழிந்துவிட்டது, இனி என்ன என்று தீப்பெட்டியை எடுக்கப் போனேன். அண்ணை என் கையைப் பிடித்துவிட்டார். "வேண்டாம் பிள்ளை. நான் இதைப் பத்தினால் நாளைக்கு ஆர் அடுக்கிறது?" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவரை மறித்தது முறையும் இல்லை, சம்பிரதாயமும் இல்லை. அக்காவின் கை கடைசியாக வைத்தது அது. அக்கா இறந்த அன்று, அவர் வீட்டுக்கு வரமுன்பு, எடுத்த குச்சியை நான் உரசியிருந்தால் இந்த மனிதன் இப்படி இருந்து விறைத்திருக்கமாட்டார். வீட்டுக்கு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் செபம் சொன்னார்கள். இருமலில் அண்ணைக்கு ஒரு செபம் முழுதாகச் சொல்ல வரவில்லை. எல்லோரும் இருக்க நான் எழும்பி, "அண்ணை, நாளைக்கு நான் வந்து அடுக்கிறன். நாளையண்டைக்கும் வாறன்," என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயோ? சிரட்டையோ போடப்போறாய்?" என்றார். சனம் சிரித்தது. சிரித்த வாயோடு அழுதது. அண்ணை முழங்காலில் இருந்து, நீட்டியிருந்த குச்சியை உருவி உரசினார். ஒரே குச்சி. மரப்பட்டை சுருண்டு பிடித்தது, சுள்ளி பிடித்தது, நெருப்பு மேலிருந்து கீழே மெல்ல இறங்கியது. அக்கா செய்வதுபோல அடுப்புக் கதவை ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தார். எல்லோரும் அடுப்பைச் சுற்றி இருந்தார்கள். கடைசிக் கட்டை உடைந்து தணலுக்குள் விழுந்தபோது அவர் குழந்தைபோல ஏங்கி அழுதார்.

மறுநாள் விடிய நான் போய் அடுக்கினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "பிலோ அந்தச் சின்னக் கட்டையைக் குறுக்கைதான் வைக்கிறவள்," என்றார். இத்தனை வருடமும் குச்சி மட்டும் உரசிய மனிதன், எந்தக் கட்டை எங்கே என்று ஒன்று விடாமல் பார்த்து வைத்திருந்திருக்கிறார். என்னை விலத்திவிட்டுத் தானே அடுக்கத் தொடங்கினார். இப்போது நான் போக வேண்டியதில்லை. பின்னேரம் பஸ்ஸால் இறங்கியதும் அவர் வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பேன். புகை தெரியாது. வானம் நடுங்குவது தெரிந்தால் போதும், வீட்டுக்குப் போவேன்.

அக்காவின் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. காலையில் வேலைக்குப் போகமுன் அடுப்பை அடுக்குகிறேன். பெட்டியைக் கொஞ்சம் திறந்து ஒரு குச்சியை நீட்டி வைக்கிறேன். சில நாள் இரண்டு கிழவர்களைக் குளிப்பாட்டி, ஒருவரின் உயிர் போவதைக் கிட்ட இருந்து பார்த்துவிட்டு, பனியில் நடந்து வந்து இருண்ட வீட்டின் கதவைத் திறக்கிறேன். விரல் மடங்காது. அந்தக் குச்சி அங்கே நிற்கும். நீங்கள் சொன்னது சரி அக்கா, அவள் களைத்துத்தான் வருகிறாள். முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் குச்சியை உரசுகிறாள்.