மடங்காத முழங்கால்

என் மனைவிக்கு முழங்கால் வலி தொடங்கியபோது வயது நாற்பத்து நான்கு. பீளமேட்டில் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள். ஆலையை மூடிய பிறகு வீட்டோடு இருந்ததில் உடம்பு பருத்துவிட்டது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு முழங்காலைத் தடவுவாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "தேய்மானம் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குதுங்க. அது முத்தாம முழுசாத் தடுத்துப்போடலாம்னு சொல்ல மாட்டேன். எடையைக் குறைச்சு, தினமும் நடந்து, தொடைச் சதைக்குப் பயிற்சி செஞ்சீங்கன்னா ரொம்ப வருசம் தள்ளிப்போடலாமுங்க."

மாத்திரை எழுதாத டாக்டர் என்ன டாக்டர் என்று வழியெல்லாம் முணுமுணுத்தது நான்தான். அவள் அன்று மாலையே ஷூ வாங்கிவிட்டாள். சேலைக்குக் கீழே அதைப் போட்டுப் பார்த்து அவளுக்கே சிரிப்பு.

மறுநாள் விடிகாலையில் என்னை எழுப்பினாள். "ஏனுங்க, வாங்க. ஒரு சுத்து நடந்துட்டு வந்துரலாம்."

"நாளைக்குப் போலாம் அம்மணி. உடம்பெல்லாம் அசதியா இருக்குது."

பம்ப் செட் பட்டறையில் எனக்கு வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையும் அதே பதிலைத்தான் சொன்னேன். நான்கு நாள் தனியாகப் போனாள். ஐந்தாம் நாள் தெருநாய்கள் துரத்தி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"நீங்க கூட வந்தீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்குமுங்க."

"மொட்டை மாடியிலயே நட" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

மாடியில் கொஞ்ச நாள் நடந்தாள். பிறகு விட்டுவிட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. வலி என்றால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பேன். அதையே பெரிய கவனிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வருடம் போயிற்று. சம்மணம் போட்டு உட்காருவது முதலில் நின்றது. பிறகு படி இறங்கவே ஆள் வேண்டியதாயிற்று.

போன தை மாதம் பெருந்துறையில் அவளுடைய அக்கா இறந்துபோனார். தாயில்லாத தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். நாங்கள் போனபோது கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

உடலுக்கு அருகில் போய் உட்காரப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. வலியில் அலறிவிட்டாள். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. எல்லாப் பெண்களும் அக்காவின் கன்னத்தைத் தடவி அழுதார்கள். இவள் மட்டும் எங்கிருந்தோ வந்த விருந்தாளி மாதிரி நாற்காலியில் இருந்து அழுதாள்.

திரும்பும்போது கார் அவிநாசியைத் தாண்டியது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா மூஞ்சியத் தொட்டுக்கூடப் பாக்கலைங்க."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவளைப் பழைய டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். இப்போது தினமும் காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியை நானும் கூடவே செய்கிறேன். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. படியில் தானே இறங்குகிறாள். ஆனால் தரையில் உட்காருவது இனிமேல் நடக்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது நின்றுவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள்.

"அன்னைக்கே எங்கூட வந்திருக்கலாமுங்களே" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். என் தோளில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்று அழுதேன்.