வெறுங்கதிரைக்குச் சொன்ன சொல்

இது நடந்தது. கதை என்று நினைத்து வாசிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் பெயர் பிரவீனன். ஒஸ்லோவில் சவுண்ட் வேலை செய்கிறேன். தமிழ்க் கலியாணம், கோயில் திருவிழா, நோர்வேக்காரரின் கச்சேரி, எதற்குக் கூப்பிட்டாலும் மைக்கையும் வயரையும் என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் கேட்டால் அது எந்த வயரால் வருகிறது என்று தேடுகிறவன் நான். பேயைத் தேடுகிறவன் இல்லை.

பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில். ஆனால் ஒஸ்லோவில், டிசம்பரில், மூன்றரைக்கே இருட்டிவிடும்.

என் மனைவி துஷ்யா பாடுகிறவள். கர்நாடக சங்கீதமும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. ஆங்கிலேயரின் நாட்டார் பாட்டு. அவள் பிறந்தது வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில். அவளுடைய தாய், என் மாமி, அங்கே தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் மீன் வெட்டியவர். மகள் சங்கீதம் படிக்க நியூகாசிலுக்குப் போய், அங்கே இந்தப் பாட்டுகளில் தொபுக்கென்று விழுந்துவிட்டாள். வாத்தியம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வெறுங்குரலில் பாடுவார்கள். எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒருவன் கடலில் தாழுவான், அல்லது ஒருத்தி ஆற்றில் மிதப்பாள்.

"உங்கடை பாட்டிலை ஒருதராவது உயிரோடை வீட்டை வந்து சேரமாட்டினமோ?" என்று நக்கலடிப்பேன்.

"வந்து சேர்ந்தால் பாட்டு முடிஞ்சிடுமெல்லே, அப்பா," என்பாள். எங்கள் ஊர்ப் பெண்களைப் போல அவளும் புருஷனை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளோடு சோடியாகப் பாடியவள் ஆலிஸ். யோர்க்‌ஷயர் கடற்கரைக்காரி, வேலைக்காக ஒஸ்லோவுக்கு வந்தவள். துஷ்யாவுக்கு மேல் குரல், ஆலிஸுக்குக் கீழ்க் குரல். ஆலிஸின் பூட்டியும் அந்தக் காலத்தில் துறைமுகம் துறைமுகமாகப் போய் மீன் கிழித்தவவாம். அந்தப் பூட்டியையும் என் மாமியையும் வைத்து இரண்டு பேரும் ஒரு புதுப் பாட்டுக் கட்டினார்கள். பழைய மெட்டு மாதிரி, ஆனால் புதுசு. ஓகஸ்டில் இங்கிலாந்தில் நடக்கும் ஒரு பெரிய நாட்டார் இசை விழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பாடுவதற்கு. மூன்று சரணம் முடிந்திருந்தது. நாலாவது சரணம் இன்னும் வரவில்லை.

ஆலிஸுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு தமிழ் வசனம் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது சும்மா போகமாட்டார்கள்தானே. "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். ஆலிஸுக்கு அது சரியாகப் பிடித்துப்போயிற்று. போகிறேன் என்று சொல்லாமல் திரும்பி வருவேன் என்று சொல்கிறீர்களே, இதைவிட நல்ல விடைபெறும் பாட்டு எங்களிடம் இல்லை என்பாள். பிறகு வாசலில் நின்று, மூக்கால், "போட்டு வாறான்" என்பாள். என் மகள் ஆரணி உருண்டு உருண்டு சிரிப்பாள்.

நவம்பரில் ஆலிஸ் செத்துப்போனாள்.

முப்பத்துநாலு வயது. சமையலறையில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்தபடி விழுந்தாள். இதயம் என்றார்கள். இதயத்தில் என்ன என்று கேட்டால், ஒன்றும் இல்லை, நின்றுவிட்டது என்றார்கள்.

ஒஸ்லோவில் இந்தப் பாட்டுக்காரருக்கு ஒரு வட்டம் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு பழைய கட்டடம், அதன் மேல்மாடி. மாதத்தில் ஒரு ஞாயிறு கதிரைகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு பாட்டாக, முறை சுற்றி வரும். மைக் கிடையாது. பல்லவி வந்தால் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். கடைசியில் எழுந்து நின்று பிரியாவிடைப் பாட்டு. வட்டத்தை நடத்துகிறவள் மார்கிட், நோர்வேக்காரி, நல்ல மனுசி. யாராவது செத்துப்போனால் அடுத்த கூட்டத்தில் அவருடைய கதிரையை வெறுமையாக விடுவார்கள். அந்தக் கதிரையின் முறை வந்ததும் ஒரு பாட்டு முடியும் அளவுக்கு எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். செப்டம்பரில் வால்டர் என்ற கிழவருக்கு அப்படிச் செய்ததாகக் கேள்வி. அன்று ஆரணிக்குக் காய்ச்சல், நாங்கள் போகவில்லை.

டிசம்பரில் ஆலிஸின் கதிரை.

ஆலிஸின் தாய்க்கு அனுப்ப வேண்டும் என்று துஷ்யா கேட்டதால், சின்ன ரெக்கோடர் ஒன்றை யன்னலில் வைத்தேன். கதிரையின் முறை வந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹீட்டர் ஒருமுறை டிக் என்றது, அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து வெளிக்கிட்டோம். வாசல்வரை வந்த துஷ்யா திரும்பிப் போனாள். அந்தக் கதிரையின் முதுகில் கையை வைத்தாள்.

"போட்டு வாறன்," என்றாள்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். எந்த வீட்டிலும் சொல்லிவிட்டுப் போகலாம். செத்தவீட்டில் மட்டும் சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பி, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நாட்டில் இருந்து எதையெதையோ விட்டுவிட்டு வந்தோம், இதை மட்டும் ஒருவரும் விடவில்லை.

"என்னத்துக்கு அப்பிடிச் சொன்னனீர்?"

"வாயிலை வந்திட்டுது. அவளோடை எப்பவும் அப்பிடித்தானே."

"செத்த இடத்திலை சொல்லுறதே?"

"இது செத்தவீடு இல்லையப்பா. பாட்டு மண்டபம். சும்மா இருங்கோ."

அடுத்த நாள் பதிவைக் கேட்டேன். அந்த மௌனம் வரும் இடம்வரை ஓட்டிவிட்டு, பட்டனில் இருந்து கையை எடுத்தேன்.

மூச்சு.

யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். பிறகு இடைவெளி. மறுபடி மூச்சு. அதே அளவு இடைவெளி. அறையில் இருபது பேர் இருந்தால் இருபது மூச்சுக் கேட்கும், அது தெரியும். ஆனால் இது சும்மா விடுகிற மூச்சு இல்லை. பாடுகிறவர்கள் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இழுப்பார்களே, அந்த மூச்சு. வெளியே விடுகிற சத்தமே இல்லை. வெளியே வரவேண்டிய இடத்தில் பாட்டு வரவேண்டும். பாட்டு இல்லை.

ரெக்கோடரை மாற்றிக் கேட்டேன். ஹெட்போனை மாற்றினேன். ஹீட்டரின் சத்தத்தை வெட்டி எடுத்தேன். மூச்சு இன்னும் தெளிவாகக் கேட்டது.

துஷ்யாவைக் கேட்கவிட்டிருக்கக்கூடாது. பின்னால் வந்து நின்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதலில் முகம் வெளுத்தது. பிறகு உதடு அசைந்தது. பிறகு மெல்லப் பாடத் தொடங்கினாள். அந்தப் புதுப் பாட்டு. மூச்சு வரும் இடத்தில் அவளும் மூச்சு எடுத்தாள். அச்சொட்டாகப் பொருந்தியது. மூன்று சரணமும்.

மூன்றாவது முடிந்ததும் அவள் நிறுத்தினாள். ஹெட்போனுக்குள் மூச்சு நிற்கவில்லை.

"ஆலிஸ் நாலாவது சரணத்தையும் கட்டி முடிச்சிட்டாள்," என்றாள் துஷ்யா.

அன்றே அந்தப் பதிவை அழித்தேன். அழித்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. அவளுக்குப் பதிவு தேவைப்படவில்லை. கறிக்கு வெங்காயம் வெட்டும்போது பாடுவாள். டிரிக்கில், அதுதான் ஒஸ்லோ டிராமில், போகும்போது யன்னலைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பாள். பக்கத்தில் ஒருத்தி கீழ்க் குரலில் பாடுகிற மாதிரி நடுவில் இடம் விட்டுப் பாடுவாள். ஆரணி என்னிடம் வந்து, "அம்மா ஆரோடை பாடுறா?" என்று கேட்டாள்.

தை பிறந்தது. நாலாவது சரணத்தின் முதல் வரி வந்தது. இரண்டு கிழமையில் இரண்டாவது வரி. இதெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால், "கேட்டுப் பாடுறன்," என்பாள்.

கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் நூல் கட்டிவிட்டார். டொக்டரிடம் கூட்டிப்போனேன். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, குதிரை மாதிரி ஓடுகிறது என்று சிரித்தார். துரொண்ட்ஹெய்மில் என் சிநேகிதன் குகதாசன் வீட்டில் ஒரு கிழமை கொண்டுபோய் வைத்திருந்தேன். அங்கே பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் கண்ணயர்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய மூச்சை எண்ணினேன். உள்ளே இழுத்தாள். ஒரு வரியளவு இடைவெளி. பிறகு உள்ளே இழுத்தாள்.

பயத்தில் உலுக்கி எழுப்பினேன்.

"அந்தப் பாட்டை விடும், துஷி. உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன். எனக்கு இல்லாட்டிலும் பிள்ளைக்காக விடும்."

அவள் என் கன்னத்தைத் தடவினாள். கை குளிர்ந்திருந்தது.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டனப்பா," என்றாள்.

மாசி மாதம். ஞாயிறு. பின்னேரம் நாலு இருபது.

நான் அறையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையில். கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

பாடத் தொடங்கினாள்.

முதலாவது சரணம்... இரண்டாவது... மூன்றாவது...

வயரைக் கீழே போட்டேன்.

நாலாவது. முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி.

நான் ஓடினேன். ஐந்து அடி தூரம்கூட இல்லை.

கடைசி வரி.

கேட்டேன். இரண்டு குரல். மேலே ஒன்று. கீழே ஒன்று.

பிறகு ஒரு மூச்சு... உள்ளே...

கேத்தில் டக் என்று நின்றது.

இதயம் என்றார்கள். இதயத்தில் என்ன என்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் மார்கிட் டெலிபோனில் கூப்பிட்டாள். வட்டம் கூடுகிறது, துஷ்யாவின் கதிரை, நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்றாள். எனக்கு விருப்பமே இல்லை. ஆரணிதான் அழுதாள். அம்மாவின் கதிரையைப் பார்க்க வேண்டுமாம். ஏழு வயதுப் பிள்ளையிடம் என்ன நியாயம் கதைக்கிறது? கூட்டிப்போனேன். ரெக்கோடர் கொண்டுபோகவில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே முடிவெடுத்திருந்தேன், முடிந்ததும் பேசாமல் எழும்பி வந்துவிடுவது என்று. பிள்ளைக்கும் சொன்னேன்.

"அங்கை ஒண்டும் சொல்லக்கூடாது, ஆரணி. திரும்பியும் பார்க்கக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம் அப்பா."

கதிரையின் முறை வந்தது. மௌனம். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பிரியாவிடைப் பாட்டு முடிந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். ஆனால் ஒருவரும் கலையவில்லை. எல்லோரும் துஷ்யாவின் கதிரையின் பக்கம் திரும்பி நின்றார்கள். மார்கிட் மூன்று விரலைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"போட்டு வாறன்," என்றார்கள்.

எல்லோரும். ஒரே குரலில். அழகாகப் பழகிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆங்கிலேயர், ஸ்கொட்லாந்துக்காரர், நோர்வேக்காரர், வாசலில் நின்ற மண்டபக்காரன்கூட.

நான் ஆரணியின் வாயைப் பொத்தினேன். இறுக்கிப் பொத்தினேன்.

மார்கிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள்.

"சரியாகச் சொன்னோமா?" என்று நோர்வே மொழியில் கேட்டாள். "உங்கள் ஆட்கள் விடைபெறும்போது சொல்வது இதுதானே? செப்டம்பரில் வால்டரின் கதிரைக்கு ஆலிஸ் சொன்னாள். துஷ்யா சொல்லித்தந்தது என்றாள். பிறகு ஆலிஸின் கதிரைக்குத் துஷ்யா சொன்னதைப் பார்த்தேன். அதுதான், இந்தமுறை எல்லோரும் சொல்வோம் என்று..."

வால்டரின் கதிரைக்கு ஆலிஸ். ஆலிஸின் கதிரைக்கு என் துஷ்யா. இப்போது துஷ்யாவின் கதிரைக்கு இத்தனை பேர். பாவம் அவர்கள், ஒரு மரியாதைக்குச் செய்த காரியம். எங்கே சொல்லக்கூடாது என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இனிச் சொல்லி என்ன?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். டிரிக்கில் ஏறிய பிறகுதான் அவளை இறக்கிப் பக்கத்தில் இருத்தினேன். ஆரணி கன்னத்தைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

"நோகுதப்பா. ஏன் என்ரை வாயைப் பொத்தினனீங்கள்?"

"நீ சொன்னனியோ? உண்மையைச் சொல்லு பிள்ளை. அந்தக் கதிரைக்கு ஏதும் சொன்னனியோ?"

"இல்லை. நீங்கள்தானே வாயைப் பொத்திப்போட்டியள்."

அவளைக் கட்டிப்பிடித்தேன். டிரிக் பாலத்தைத் தாண்டியது. அவள் என் காதுக்குள் வாயை வைத்தாள்.

"மனசுக்குள்ளைதான் சொன்னனான்."

இப்போது வைகாசி. மார்கிட்டைப் போன வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். நான் பேசாமல் போய், பேசாமல் வந்தேன். வெளியே நல்ல வெய்யில். ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து, களைத்துப்போய், சோபாவில் நித்திரை. இதை எழுதிக்கொண்டே அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே இழுக்கிறாள். வெளியே விடுகிறாள். இந்தக் கணம் வரைக்கும் ஒழுங்காகத்தான் இருக்கிறது.