சரியாகிவிட்ட கை

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அந்த அம்மா பதுளை ஆஸ்பத்திரிக்கு வருவார். கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்து, வலது முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நான்தான் பிளேட் வைத்துப் பொருத்தினேன். முறை வரும்வரை அந்தக் கையை மடியில் வைத்து, ரொட்டியைப் புரட்டுவதுபோல் இடக்கையால் புரட்டப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அன்று வெளியே வரிசை குறையவேயில்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது.

"வேலை செய்ய ஏலுதோ, அம்மா?"

"ஆமாங்க ஐயா, கொழுந்து எடுக்கிறேன்."

"பிறகென்ன? கை சரி."

அவர் எழுந்திருக்கவில்லை.

"உள்ளங்கை மேல திரும்ப மாட்டேங்குதுங்க. கோயில்ல நீட்டினா திருநீறு கீழ கொட்டிருது. இப்ப பூசாரியே பச்சப்புள்ளைக்குப் பூசுற மாதிரி நெத்தியில பூசி விட்டுர்றாரு."

"அதுக்கு இனி ஒண்டும் செய்ய ஏலாது, அம்மா."

"தெரியுங்க. நீங்க சரின்னு சொன்னீங்களே, அதான் சொன்னேன்."

எழுந்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைக் கும்பிட அந்தக் கைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.