பத்தொன்பதாம் நம்பர் தேரை

1. திரும்பி வந்த கட்டுரை

ஜமீலாவின் கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்த காலையில் நான் டிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். டிப் என்பது, துளித் துளியாக அளந்து உறிஞ்சுகிற பைப்பெட்டின் முனையில் மாட்டுகிற சின்ன பிளாஸ்டிக் மூக்கு. பெட்டிக்குத் தொண்ணூற்றாறு. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருடம் அட்டெண்டராக இருந்தேன். கடைசி ஆறு வருடம் தவளை வேலைதான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் படிக்க ஏதாவது எழுதித் தரச் சொல்லி விமலா மேடம் கேட்டார்கள். அவர்கள்தான் ஆய்வகத்துக்குத் தலைவர். நான் ஐந்தாவது வரை படித்தவள். பேசு என்றால் ஓடியிருப்பேன். எழுத்து என்பதால் ஒத்துக்கொண்டேன்.

ஜமீலா தேரடித் தெருப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குப் பாத்திரக் கடை. டாக்டர் பட்டத்துக்கு ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. கட்டுரை அச்சாகாமல் தீசிஸ் கொடுக்க முடியாது. அந்த வருடம் கொடுக்காவிட்டால் காலம் முடிந்துவிடும். அதனால் திரும்பி வந்தது வெறும் காகிதம் இல்லை.

பத்திரிகைக்காரர்கள் எழுதியிருந்ததை மேடம் தமிழில் படித்துச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நம்பர் தவளை மட்டும் இருக்கக்கூடாத கிளையில் இருக்கிறது, ட்யூப் மாறியிருக்க வேண்டும், ஒன்று மாறியிருந்தால் மற்றதை எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார்கள்.

"எங்கயாவது மாறிச்சாம்மா?" என்று மேடம் கேட்டார்கள்.

"இல்ல மேம். எல்லாம் என் கையாலதான் பண்ணேன்" என்றாள் ஜமீலா. அழவில்லை. தன் நோட்டைத் திறந்து பத்தொன்பது இருக்கிற பக்கத்தைத் தேடினாள்.

நான் டிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, பாட்டில் கழுவுகிற அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவ அங்கே ஒன்றும் இல்லை.

2. யார் யாருக்குப் பங்காளி

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் பாத்ரூம் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளுமே, நாம் தேரை என்போம், அந்த மரத்தவளைதான். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் குட்டைகளில் இருப்பதும் ஜவ்வாது மலைமேல் இருப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே குடும்பமா, எப்போதோ பிரிந்துபோன இரண்டு குடும்பமா என்பதுதான் ஜமீலாவின் கேள்வி.

அனுமதி வாங்கித் தவளையைப் பிடித்து, விரல் நுனியில் ஒரு துணுக்கு மட்டும் எடுத்து, சின்ன பாட்டிலில் ஸ்பிரிட்டில் போட்டுக்கொள்வார்கள். தவளையை அதே இடத்தில் விட்டுவிடுவார்கள். துணுக்கில் பாதியைக் கரைத்து டி.என்.ஏ. எடுத்து, நம்பர் போட்ட ட்யூபில் வைத்து, பிசிஆர் மிஷினில் பெருக்கி, வெளியூருக்கு அனுப்பினால், நான்கே எழுத்து மாறிமாறி வருகிற நீளமான தாள் வரும். இரண்டு தவளைக்கு நடுவில் எழுத்து வித்தியாசம் கம்மி என்றால் நெருங்கிய பங்காளி. ஜாஸ்தி என்றால் ரொம்ப நாளுக்கு முன்னாலேயே பிரிந்த வகையறா. இதைக் கம்ப்யூட்டர் கிளை கிளையாக மரம்போலப் போட்டுக் காட்டும்.

அந்த மரத்தில் மலைத் தவளைகள் ஒரு கிளையிலும் கீழ்நாட்டுத் தவளைகள் இன்னொரு கிளையிலும் பிரிந்து நின்றன. பத்தொன்பது மட்டும் கீழ்பென்னாத்தூர்க் குட்டையில் பிடித்தது. ஆனால் மலைக் கிளையில் இருந்தது.

3. ட்யூபுக்கு வைத்த பொட்டு

அதற்கு முந்தைய வருடம் ஆயுத பூஜை. அந்த மாதம் முழுக்கப் பிசிஆர் சரியாக வரவில்லை. டி.என்.ஏ. பெருகியிருந்தால் ஜெல்லில் பேண்ட் என்கிற வெளிச்சக் கோடு தெரியும். வந்ததெல்லாம் வெறும் கறுப்புதான். ஜமீலாவோடு ஆராய்ச்சி செய்கிற குமரன், மிஷினுக்கும் ஃப்ரீசருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, ஜமீலாவின் ட்யூப் பெட்டியையும் திறந்தான்.

"சாம்பிளுக்கும் வெச்சாதான் பேண்ட் வரும். வெக்கவா?"

"வைடா. பேண்ட் வந்தா போதும்" என்று ஜமீலா சிரித்தாள்.

ஒவ்வொரு ட்யூப் மூடிக்கும் ஒரு பொட்டு. அடுத்த வாரம் பேண்ட் வந்தது. குமரன் அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் ஓட்டினான்.

ஆனால் சந்தனம் காய்ந்து உதிர்ந்து பெட்டியெல்லாம் தூளாகிவிட்டது. துடைப்பது என் வேலை. துடைத்த அன்று பௌர்ணமி. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், போகவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். சந்தனத்தோடு சேர்ந்து மார்க்கரில் எழுதிய நம்பரும் வந்துவிட்டது. மேசை துடைக்கிற கை அப்படியே பழகிப்போயிருந்தது. நிறுத்துவதற்குள் நான்கு ட்யூபில் நம்பர் போயிருந்தது. ஒவ்வொரு தவளைக்கும் இரண்டு ட்யூப் உண்டு, ஒன்று பயன்படுத்த, ஒன்று கைவசம் வைக்க. போனது பதினெட்டின் இரண்டும் பத்தொன்பதின் இரண்டும். பதினெட்டு மலைத் தவளை.

நான்கையும் எடுத்த வரிசையிலேயே மேசைமேல் வைத்திருந்தேன். நடுவில் மகன் போன் செய்தான். கிரிவலக் கூட்டத்தில் அடி அண்ணாமலைக்குப் பஸ் வராது, நேரத்தோடு கிளம்பி நடந்து வந்துவிடு என்றான். பேசிவிட்டு வந்து வரிசைப்படி நம்பர் எழுதினேன். வரிசை அதேதான் என்று நினைத்தேன். ஒன்று மாறியிருந்தாலும் பதினெட்டின் ட்யூபே பத்தொன்பது என்ற பெயரில் வெளியூர் போயிருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. நம்பர் எழுதத் தெரியும் என்ற தைரியம் கொஞ்சம். சொன்னால் ஃப்ரீசர் பக்கமே விடமாட்டார்களே என்ற பயம்தான் நிறைய.

4. மேடம் அறையில்

குழாயை மூடிவிட்டு மேடம் அறை வாசலில் போய் நின்றேன். அந்த அறையில் "சரிங்க" என்பதைத் தவிர நான் அதிகம் பேசியதில்லை. லீவு கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். ஜமீலாவும் உள்ளே இருந்தாள்.

"அந்த பத்தொன்பதுங்க. அது நம்பரை நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன்.

மீதியைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். போன் வந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் என் பேரில் தப்பு கம்மியாகத் தெரிந்திருக்கும். ஆனால் அதுதானே விஷயம்.

"ஒரு வருஷமா சொல்லல. ஏன் காசிம்மா?" என்று ஜமீலா கேட்டாள்.

"பயந்துட்டேன்."

"என்கிட்டயா?"

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பொட்டு வைத்தவன் நான், திட்டுவதானால் என்னையும் சேர்த்துத் திட்டு என்று குமரன் போய் நின்றானாம். உனக்குத் தனியாக இருக்கிறது என்றாளாம்.

மேடம் திட்டவில்லை. நான்கு ட்யூபையும் எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னார்கள். இனி அவற்றை நம்ப வேண்டாம், விரலுக்கே திரும்பப் போவோம் என்றார்கள். ஸ்பிரிட் பாட்டில்களில் மிச்சத் துணுக்கு இருந்தது. அவற்றின் நம்பர் வெளியே இல்லை. பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டு பாட்டிலுக்கு உள்ளேயே துணுக்கோடு ஊறிக்கொண்டிருக்கும். ஸ்பிரிட் மையைத்தான் கரைக்கும், பென்சிலை ஒன்றும் செய்யாது.

5. அ, ஆ, இ

ஆறு பாட்டில் எடுத்தோம். மலையில் பிடித்தது பதினெட்டோடு சேர்த்து மூன்று. கீழ்நாட்டில் பிடித்தது பத்தொன்பதோடு சேர்த்து மூன்று. எது எதுவென்று தெரிந்து வேலை செய்தால் மனசு ஒரு பக்கம் சாயும், தெரியாமல் செய்ய வேண்டும் என்று மேடம் சொன்னார்கள். யாராவது ஒருவர் ஆறு துணுக்கையும் புது ட்யூபில் மாற்றி வேறு பெயர் போட வேண்டும். பெயர் அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியவேண்டும்.

"நீங்க போடுங்க காசிம்மா. எனக்கும் சொல்லாதீங்க" என்றார்கள்.

நம்பரை அழித்தவளிடமே கொடுத்தார்கள். ஜமீலா என்ன சொல்லுவாளோ என்று பார்த்தேன். எழுந்து போய்க் கையுறை டப்பாவை எடுத்துவந்து என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

பத்தொன்பதின் துணுக்கு கடுகளவுகூட இல்லை. அது தவறினால் மறுபடி எடுக்க ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்தேன். சீட்டைப் படித்தேன், இடுக்கியால் எடுத்தேன், மாற்றினேன், மூடினேன். அதற்கப்புறம்தான் அடுத்ததைத் தொட்டேன். போனை அணைத்து வைத்திருந்தேன். ட்யூப்களுக்குக் கலைத்துக் கலைத்து அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று பெயர் வைத்தேன். பக்கவாட்டில் சீட்டு ஒட்டி மேலே டேப் சுற்றினேன். எது எதுவென்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேடம் பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

ஜமீலா டி.என்.ஏ. எடுத்தாள். ஆறுக்கும் பேண்ட் வந்தது. வெளியூருக்கு அனுப்பி, தாள் வந்து, மரம் போடுகிற அன்று என்னையும் கூப்பிட்டார்கள். பழைய தவளைகளின் தாளோடு சேர்த்துப் போட்டதில் கம்ப்யூட்டரில் அதே இரண்டு கிளை வந்தது. மேடம் எண்ணினார்கள்.

"மலைக் கிளையில ஆ, ஈ, உ, ஊ. நாலு இருக்கு."

"மூணுதானே மேம் மலையில பிடிச்சது?" என்றாள் ஜமீலா. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் உறையைப் பிரித்து அவர்களே படிக்கட்டும் என்றிருந்தேன். ஆ பதினெட்டு. உ, ஊ மற்ற இரண்டு மலைத் தவளைகள். ஈ பத்தொன்பது.

போன் வந்த அன்று நான் வரிசை மாற்றவில்லை. அந்தத் தேரை நிஜமாகவே கீழ்பென்னாத்தூர்க் குட்டையில் இருந்த மலைப் பங்காளிதான்.

அடுத்த மழைக்கு ஜமீலாவும் குமரனும் அதே குட்டைக்குப் போய் இன்னும் ஐந்து தவளை பார்த்தார்கள். அதில் இரண்டு மலைக் கிளை. வழிதவறி வந்த ஒன்று இல்லை, இரண்டு வகையறாவும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறது. அதுவரை யாருக்கும் தெரியாத விஷயம் அது. தப்பு என்று திருப்பி அனுப்பியதே கட்டுரையின் முக்கியமான பகுதியாகிவிட்டது. பத்திரிகையும் ஏற்றுக்கொண்டது.

6. தீசிஸில் ஒரு வரி

தீசிஸ் பைண்டாகி வந்ததும் ஜமீலா ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொல்லச் சொன்னேன்.

"ரெண்டு தவளையோட ட்யூப்ல நம்பர் சுத்தம் பண்ணும்போது அழிஞ்சு போச்சு. அதனால முதல் துணுக்குல இருந்து மறுபடி பண்ணோம்னு போட்டிருக்கேன்."

"என் தப்பையா புஸ்தகத்துல போட்ட?"

"இது இல்லன்னா மத்ததை யாரு நம்புவாங்க, காசிம்மா?"

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் முதலில் கேட்டது அந்த வரியைப் பற்றித்தானாம். ஜமீலா நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் பத்தொன்பதைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். அன்று மாலையே அவள் டாக்டர் ஜமீலா ஆகிவிட்டாள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கை தவறாதவர்கள் யாரும் இந்த வேலையில் இல்லை. தவறினால் அன்றைக்கே, தேதி போட்டு, உங்கள் பெயரோடு ரிஜிஸ்டரில் எழுதிவிடுங்கள். நான் ஒரு வருடம் தாமதமாகச் சொன்னேன், அதனால் ஒரு பெண் ஒரு வருடம் தெரியாத ஆபத்தில் இருந்தாள். ஆனாலும் சொன்னேன். ஒரே குட்டையில் இரண்டு வகைத் தேரை இருக்கிறது என்று இன்றைக்கு உலகத்துக்குத் தெரிவதில் அந்த ஒரு வரி என்னுடையது.